பீச் ரோட்டில் பீச் எங்கே?

ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் பீச் ரோட்டில் கிளம்புவேன். காத்தோங், ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி என்று கிழக்குக் கரையோரமாகப் போய், படகேறிப் புலாவ் உபின் தீவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவோம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. நாலு பேர் ஒன்றையே கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

அக்கா, தீவையே ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். கிழக்குக் கரைக்கு மட்டும் முழு நாள் எதற்கு?

விரைவுச்சாலையில் போனால் அரை மணி நேரம் போதும், சரிதான். நாங்கள் போவது பழைய கரையைத் தேடிக்கொண்டு. ராஃபிள்ஸ் ஹோட்டல் வாசலில் இறங்கியதும் "கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்பேன். ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். 1887இல் அந்த ஹோட்டல் திறந்தபோது கடல் எதிரிலேயே இருந்தது. பீச் ரோடு என்ற பெயர் அப்படி வந்ததுதான். கடல் போய்விட்டது, பெயர் போகவில்லை. மலாயில் தஞ்சோங் என்றால் முனை, தெலுக் என்றால் குடா. இனிமேல் தஞ்சோங் காத்தோங், தெலுக் குராவ் என்று பலகையைப் பார்த்தால் எதற்கு அந்தப் பெயர் என்று உங்களுக்கே பிடிபடும்.

அம்மா, எனக்கு வயது எழுபத்தைந்து. சின்ன வயதில் காத்தோங் பார்க்கில் கடலில் குளித்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் ஐயா, நான் சாட்சி சொல்கிறேன். குளிப்பவர்களுக்காகக் கடலில் வேலி கட்டி வைத்திருந்த இடம் அது. பாகார் என்பார்களே, ஞாபகம் இருக்கும். பார்க்குக்குள் 1879இல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் மிச்சம் இருக்கிறது, 2004இல் அகழாய்வு செய்தார்கள். கடல் வழியாக வரும் எதிரிக் கப்பலைச் சுடக் கட்டிய கோட்டை. இன்று அதன் எதிரே அடுக்குமாடி வீடுகள்.

கடல் தள்ளிப்போன கதை 1966இல் தொடங்குகிறது. பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். ஏழு கட்டங்களாக, ஏறக்குறைய இருபது வருடம் நடந்த வேலை. சேர்ந்த நிலம் சுமார் 1,525 ஹெக்டர். மரீன் பரேட் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகள், ஈஸ்ட் கோஸ்ட் பார்க், விரைவுச்சாலை எல்லாம் அந்த மண்மேல்தான் நிற்கின்றன. நீங்கள் குளித்த தண்ணீர் இப்போது யாருடைய வரவேற்பறையோ.

வழியில் நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட இடம் ஏதாவது உண்டா?

சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயில். 1850களில் குளக்கரைச் செண்பக மரத்தடியில் ஒரு பிள்ளையார் சிலை கிடைத்ததாகச் சொல்வார்கள். 1875இல் இலங்கைத் தமிழர் எதிர்நாயகம் பிள்ளை முன்னின்று முதல் கட்டடத்தை எழுப்பினார். இன்றும் இலங்கைத் தமிழர் சங்கம்தான் நிர்வாகம் பார்க்கிறது. காலை பூஜை நேரத்தில் போய்ச் சேருகிற மாதிரி வேனைக் கிளப்புவேன். அதற்கே சிலர் வருகிறார்கள், கடலைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பயணத்தின் கடைசியில் சாங்கி வில்லேஜில் ஸ்ரீ ராமர் கோயிலும் உண்டு.

ஏன் எட்டே பேர்? எங்கள் குடும்பமே பதினொன்று.

எட்டுக்கு மேல் போனால் நான் பேசுவது பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாங்கி பாயிண்ட்டில் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எட்டுப் பேரோடு நானும் போய் மற்ற மூவருக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கும். சைக்கிளோடு ஒருவர், உபினில் உறவுக்காரர் இருக்கும் ஒரு பாட்டி என்று யாராவது வந்து சேருவார்கள். அவசரம் என்றால் மிச்ச மூன்று இருக்கைக்கும் காசு கொடுத்துவிடலாம். உங்கள் குடும்பத்துக்குத் தனிப் பயணமாகவே போட்டுத் தருகிறேன்.

போன வருடம் உபினில் இருக்கும் செக் ஜாவா சதுப்புக் கரைக்குப் போய் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம். அங்கே என்னதான் இருக்கிறது?

நானும் அப்படி ஏமாந்திருக்கிறேன். முதல் வருடம் அலை அட்டவணையில் பக்கத்து நாளின் வரியைப் படித்துவிட்டு ஒரு குழுவைக் கூட்டிப் போனேன். நடைபாதைக்குக் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஒருவரும் பேசவில்லை.

அலை 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். தண்ணீர் வடிந்ததும் மணல் திட்டும் கடல்புல்லும் தெரியும். அலையாத்திக் காட்டுச் சேற்றில் கட்டைவிரல் நகம் அளவு நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பு அளவு பெரிசு. அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும், பெண் நண்டைக் கூப்பிடத்தான். நிழல் பட்டால் அத்தனையும் ஒரே நொடியில் வளைக்குள். அசையாமல் இரண்டு நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்த இரண்டு நிமிடம்தான் நம்மால் முடிவதில்லை.

இந்த இடத்தையும் மண் போட்டு மூடுவதாகத்தான் இருந்தது. மக்கள் பேச ஆரம்பித்த பிறகு, டிசம்பர் 2001இல் அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. சிப்பி பொறுக்கக் கூடாது, பிள்ளைகளிடம் முன்னமே சொல்லிவிடுங்கள்.

சைவம் கிடைக்குமா?

சாங்கி வில்லேஜ் அங்காடி நிலையத்தில் எல்லோரும் வரிசை பிடிப்பது நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கு. அதில் நெத்திலி உண்டு. சைவக்காரர்கள் ஒரு பொட்டலம் தயிர்ச்சாதம் கொண்டுவந்துவிடுங்கள், நிம்மதி.

சாங்கி கடற்கரையில் ஜப்பானியர் காலத்தில் கொலை நடந்ததாமே, அங்கேயும் நிறுத்துவீர்களா?

நிறுத்துவேன். சிங்கப்பூர் விழுந்து ஐந்தாம் நாள், 20 பிப்ரவரி 1942, தண்ணீர் ஓரத்தில் 66 ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். நினைவுக் கல் இருக்கிறது. பக்கத்திலேயே பார்பிக்யூ புகை, பட்டம் விடும் பிள்ளைகள். நான் அங்கே அதிகம் பேசுவதில்லை.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா?

தாராளமாக. மரீன் பரேட், சிக்லாப் பக்கமெல்லாம் ஜூன் 2024 முதல் எம்ஆர்டி ரயில் போகிறது. தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜுக்கு விடும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிகாட்டப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். இதை இரண்டு தம்பிகள் கேட்டிருந்தார்கள்.

கடல் இன்னும் தள்ளிப் போகுமாமே?

ஆமாம், 'லாங் ஐலண்ட்' திட்டம். 2023இல் அறிவித்தார்கள். கடல்மட்டம் ஏறினால் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் தாழ்வான பகுதி, அதைக் காக்க வெளியே சுமார் 800 ஹெக்டருக்கு நிலம் எழுப்புவது. நடுவில் அகப்படும் தண்ணீர் நீர்த்தேக்கமாகும். பல பத்தாண்டு வேலை. இன்று தூண்டில் போடுகிறவர்கள் நிற்கும் பிடோக் ஜெட்டியிலும் வேனை நிறுத்துகிறேன். நுனி வரை நடந்து போய்ப் பாருங்கள், அந்தப் புது நிலம் எழப்போவது அந்தப் பக்கம்தான்.