ஏரி பக்கம், குழாய் தூரம்: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

குடிநீர்க் குழாய் வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். நம் பகுதி ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கொருக்குப்பேட்டை: சார், காலையில் தண்ணீர் விட்டதும் முதல் சில குடம் ஒரே சாக்கடை நாற்றம். ஏன்?

தண்ணீர் விடுவது சில மணி நேரம்தான். மற்ற நேரம் குழாய் காலி, உள்ளே அழுத்தம் கிடையாது. நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. துருப்பிடித்த இணைப்பில் சின்ன ஓட்டை இருந்தாலும் வெளியே தேங்கும் கழிவுநீர் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் வாசல் அடிபம்பு. அழுத்தமில்லாத குழாயில் பம்பு அடித்தால் அழுக்கும் சேர்ந்தே வரும். மோட்டார் போட்டால் கேட்கவே வேண்டாம்.

கலங்கல் தெளிந்தபின் பிடித்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் சொல்லும்போது "தெருவே நாறுகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கதவு எண் வரை நல்ல தண்ணீர், எந்த எண்ணிலிருந்து நாற்றம் என்று எழுதி வைத்துச் சொல்லுங்கள். தோண்ட வருபவருக்கு அதுதான் வழிகாட்டி. ஒரே ஒரு வீட்டில் மட்டும் நாறினால், பெரும்பாலும் அந்த வீட்டு இணைப்பில்தான் கோளாறு.

மணலி: அண்ணா, புழல் ஏரி பக்கம், கடல்நீர் ஆலையும் பக்கம். நாங்கள் ஏன் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறோம்?

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளி ஆலை 2010-இல் வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன். ஆனால் ஆலை பக்கத்தில் இருந்தால் போதுமா? தெருவுக்குள் குழாய் வேண்டுமே! கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இலிருந்து பழைய நகரத்துக்குத் தண்ணீர் தருகிறது. மணலி, மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அன்று மாநகராட்சிப் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. குழாய் அதே வேகத்தில் நீளவில்லை.

தெற்கே பெருங்குடி, சோழிங்கநல்லூரும் அதே ஆண்டு சேர்ந்தவைதான், அங்கேயும் லாரி ஓடுகிறது. அங்கே அடுக்குமாடிக்காரர்கள் காசு போட்டுத் தனியார் லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்கிறார்கள். நம்மில் பலருக்கு நிரப்பத் தொட்டியே கிடையாது. என்னைக் கேட்டால் பெரிய வித்தியாசம் அதுதான்.

எண்ணூர்: போர் தண்ணீர் உப்பு. இன்னும் ஆழம் போடலாமா?

வேண்டாம் தம்பி, காசு வீண். மீஞ்சூர்ப் பக்கம் பல வருஷம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் நிலத்துக்குள் வெகுதூரம் ஏறிவிட்டது. ஒரு நல்ல மாற்றம்: 2019 முதல் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலிப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

வியாசர்பாடி: மின்சாரம் 100 யூனிட் இலவசம் என்கிறார்கள், எங்களுக்கு மட்டும் பில் ஏறுவது ஏன்?

இலவசம் இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ஐந்து குடித்தனமும் ஒரே மீட்டரில் இருந்தால் அந்த 100 யூனிட்டையும் ஐந்தாகப் பிரிக்க வேண்டும். மொத்தப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். வீட்டுக்காரரிடம் தனி மீட்டர் கேளுங்கள்.

ராயபுரம்: வடசென்னை வளர்ச்சித் திட்டம்தான் வந்துவிட்டதே?

சரி, வந்தது. 2023-இல் 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், பிறகு தொகை கூடியது. கோடிக் கணக்கை விடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் உங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, பழைய குழாயை எப்போது மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தேதியோடு எழுத்தில் வாங்குங்கள்.