பெய்ஜிங்கில் 19 டிகிரி: அது எந்த நேரத்து 19?

கேள்வி: அக்டோபர் 16-லிருந்து மூன்று வாரம் வேலை விஷயமாக பெய்ஜிங் போகிறேன், நடுவில் நான்கு நாள் குவாங்சௌ. செயலியில் பெய்ஜிங் 19 டிகிரி என்று வருகிறது, ஏசி ரூம் மாதிரிதானே என்று ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே இருக்கும் சக ஊழியர், "ஹான்லு வந்துவிட்டது, அடுத்து ஷுவாங்ஜியாங், காலை மாலை ஜாக்கிரதை" என்கிறார். இது வெறும் நம்பிக்கையா, பெட்டி கட்டும்போது கணக்கில் எடுக்க வேண்டிய விஷயமா? (சென்னை வாசகர்)

பதில்: கணக்கில் எடுங்கள். அந்த 19 மதியம் இரண்டு, மூன்று மணிக்கு வருகிற 19. நீங்கள் போய் இறங்கும் வாரத்தில் விடியற்காலை 8, 9 டிகிரிதான் இருக்கும், மாதக் கடைசியில் மதியமே 16-ஐ ஒட்டி நின்றுவிடும், விடியலில் 5-க்குக்கூட இறங்கும். ஒரே நாளில் பத்து டிகிரி ஏறி இறங்குகிற ஊருக்கு ஒற்றை எண்ணைப் பார்த்து உடுப்பு எடுத்து வைக்க முடியாது.

ஹான்லு என்றால் குளிர்ந்த பனித்துளி, ஷுவாங்ஜியாங் என்றால் உறைபனி இறங்குவது. இரண்டும் சீனர்கள் வருடத்தைப் பிரிக்கிற 24 பருவப் புள்ளிகளில் சேர்ந்தவை. சீன நாட்காட்டி என்றாலே நிலாக் கணக்கு என்று நினைப்போம், ஆனால் இந்த 24 பருவப் புள்ளிகளில் நிலாவுக்கு வேலையே இல்லை. சூரியன் 15 பாகை நகர்ந்தால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சூரியன் ராசி மாறும்போது நமக்கு மாதம் பிறக்கிறது இல்லையா, அதையே இரண்டாக வெட்டியது போல. என்ன, நாம் நட்சத்திரத்தை வைத்துத் தொடங்குகிறோம், அவர்கள் இரவும் பகலும் சமமாகும் நாளை வைத்து எண்ணுகிறார்கள், அதனால் நம் சித்திரை ஒன்றுக்கு மூன்று வாரம் முன்னாலேயே, மார்ச் 20, 21-இல், அவர்களுக்கு சுன்ஃபென், அதாவது வசந்தத்தில் வரும் அந்தச் சமநாள், வந்துவிடும். ஹான்லு அக்டோபர் 8 வாக்கில், ஷுவாங்ஜியாங் 23 வாக்கில். வருடா வருடம் ஒரு நாள் முன்பின், அதற்கு மேல் மாறாது.

ஆக தேதியில் நம்பிக்கை எதுவும் கலக்கவில்லை, சுத்தமான வானியல். பெயர்தான் உள்ளூர்ச் சரக்கு. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் மஞ்சள் நதிப் படுகையில் இருந்தவர்கள் தங்கள் வயலில் பார்த்ததைப் பெயராக வைத்தார்கள். பெய்ஜிங் அதற்குப் பக்கம் என்பதால் பெயர் ஓரளவு பொருந்துகிறது, வெகு தெற்கே இருக்கும் குவாங்சௌவுக்குப் பொருந்தாது.

இரவு எவ்வளவு குளிரும் என்பதை முடிவு செய்வது காற்றிலுள்ள ஈரமும் மேகமும். அவை இரண்டும் தரைக்குப் போர்வை. ஜூலையில், அதாவது சியாவ்ஷு, தாஷு என்று வெக்கையின் பெயரிலேயே இரண்டு புள்ளிகள் வரும் மாதத்தில், பெய்ஜிங்கில் மழைக்காலம், காற்று கசகசவென்றிருக்கும், பகலுக்கும் இரவுக்கும் எட்டு ஒன்பது டிகிரிதான் வித்தியாசம். செப்டம்பர் முதல் வாரம் தாண்டி பைலு, அதாவது வெண்பனித்துளி, வந்ததும் அந்தப் போர்வை உருவப்படுகிறது. வானம் துடைத்து வைத்தது போல இருக்கும், பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியே மேலே விட்டுவிடும், காலையில் புல்லில் துளி நிற்கும். துளி நிற்கிறது என்றாலே மேகமில்லாத, காற்றில்லாத இரவு போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெயரே ஒரு வானிலைக் குறிப்புதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஊர் வழக்கோடு ஒத்துப்போக மாட்டேன். ஷுவாங்ஜியாங்கில்தான் வருடத்திலேயே பகல் இரவு வித்தியாசம் அதிகம் என்று சீனாவில் நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெய்ஜிங் சராசரியைப் பார்த்தால் ஏப்ரல், மே மாதங்கள்தான் முந்துகின்றன, சுமார் 12 டிகிரி. வசந்தத்திலும் காற்று காய்ந்துதான் கிடக்கிறது, ஆனால் ஏப்ரல் வெயில் ஆகஸ்ட் வெயிலுக்குச் சமமான உயரத்திலிருந்து அடிப்பதால் பகல் சட்டென்று ஏறிவிடுகிறது. அக்டோபரில் நம்மை வாட்டுவது வேறு: வித்தியாசமும் இருக்கும், மொத்தமும் வாரா வாரம் இறங்கிக்கொண்டே போகும்.

இதில் ஒரு சூட்சுமம். வடக்கிலிருந்து குளிர்காற்று அடிக்கிற அன்று உடம்பு நடுங்கும், ஆனால் தெர்மாமீட்டரில் அடிமட்டம் பெரும்பாலும் அன்றைக்கு வராது, காற்று ஓய்ந்து வானம் தெளிந்த மறுநாள் விடியலில்தான் வரும். "காற்று நின்றுவிட்டதே" என்று ஜாக்கெட்டை அறையில் விட்டுப் போகிறவர்கள் மாட்டுவது அங்கேதான்.

சரி, உடுப்பு. ஒரே தடித்த ஸ்வெட்டர் வேண்டாம், காலை எட்டுக்குப் போதாது, மதியம் ரெண்டுக்குக் கழற்றிக் கையில் தூக்கித் திரிய வேண்டும். உள்ளே உடம்போடு ஒட்டிய மெல்லிய பருத்தி முழுக்கை, மேலே சட்டை, அதற்கு மேல் காற்று புகாத ஜாக்கெட். அந்த உள்ளாடை ஜோடிக்கு அங்கே சியூயி, சியூகு என்று பெயர், 'இலையுதிர்காலச் சட்டை, இலையுதிர்காலக் கால்சட்டை', கடையில் அப்படியே கேட்டால் எடுத்துத் தருவார்கள். செருப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், "ஹான்லு வந்தால் பாதத்தைக் காட்டாதே" என்று அவர்களே சொல்வார்கள். "வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிர்காலத்தில் குளிரவிடு" என்றும் ஒரு பழமொழி உண்டு, அது அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, சென்னை உடம்புக்கு இல்லை.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. பெய்ஜிங்கில் கட்டடங்களுக்குப் பொது வெப்பமூட்டல் வழக்கமாகத் தொடங்கும் தேதி நவம்பர் 15. நீங்கள் திரும்புவது அதற்கு முன்னால். அதனால் கடைசி வாரத்தில் வெயிலில் நடப்பதைவிட அறைக்குள் உட்கார்ந்திருப்பதுதான் குளிராக இருக்கும், தங்குமிடத்து ஏசியில் சூடான காற்று வருமா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

குவாங்சௌவில் அதே ஷுவாங்ஜியாங் அன்று பகல் 28, இரவு 20, அரைக்கைச் சட்டை போதும். அங்கே வசந்தத்தில்தான் வித்தியாசம் குறைவு, சுவரே வியர்க்கிற அளவு ஈரம், பெய்ஜிங்குக்கு நேர் எதிர்.

தேங்காய் எண்ணெய் கொண்டு போவதானால் குறுகிய வாய் பாட்டில் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வாய் அகன்ற டப்பாவில் போடுங்கள், அந்தக் காய்ந்த காற்றில் உதட்டுக்குத் தினமும் தேவைப்படும்.