களப்பணி செய்யற சுகாதார ஊழியர்களுக்கு டேட்டா சயின்ஸ் கத்துக்கொடுக்க முடியுமா, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

முடியும். கேள்விக்குக் கீழ "அவங்களுக்குக் கணக்கு அடிப்படை இல்லையே"ன்னு ஒரு வரி போட்டிருக்கீங்க, அதைப் பாத்துட்டுதான் எழுத உக்காந்தேன். நீங்க பயிற்சி நடத்தப் போறவர்னு நெனக்கிறேன். நான் எதிர்ப்பக்கம் உக்காந்தவ, பதினேழு வருஷமா தண்ணி சாம்பிள் எடுக்கறேன்.

எங்களுக்கு நடந்த மொத பயிற்சியில மூணு நாளும் டைட்டானிக் கப்பல்ல யார் யார் பொழச்சாங்கங்கற டேட்டாவ வெச்சே ஓட்டினாங்க. பயிற்சி குடுத்தவர் சொல்லச் சொல்ல கோட் அடிச்சோம், விடையும் வந்துச்சு, ஆனா திங்கக்கிழமை ஆபீஸ் போய் குளோரின் ரெஜிஸ்டரத் தொறந்தா எதை எங்க போடறதுன்னே புரியல. எங்க ரெஜிஸ்டர்ல கிருமி எண்ணிக்கை எழுதற ஒரு கட்டத்துல "<1"னு இருக்கும், ஒண்ணுல "எண்ண முடியல"ன்னு இருக்கும், குளோரின் கட்டம் ஒண்ணு காலியா இருக்கும். காலின்னா பூஜ்யம் இல்ல, அன்னிக்கு குளோரின் பாக்கற மாத்திரை தீந்து போச்சுன்னு அர்த்தம். இதை அந்த மூணு நாள்ல யாருமே கேக்கல.

ரெண்டாவது தடவை வந்தவர் எங்க ரெஜிஸ்டரையே வாங்கி ஆர்-ங்கற புள்ளிவிவரப் புரோகிராம்ல ஏத்தினார். குழாய்ல வர்ற தண்ணியில குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது இல்லையா, அதுக்குக் கீழ போனதெல்லாம் செவப்புப் புள்ளியா வர்ற மாதிரி கிராஃப் போட்டார். ஒரே தொட்டியில மூணு தடவை சுத்தமா பூஜ்யம். "இங்க குளோரினே போடல பாருங்க"ன்னார். பின் வரிசையிலேர்ந்து எங்க சீனியர் அக்கா எழுந்து, "சார், தேதியப் பாருங்க, மூணுமே தொட்டி கழுவின மறுநாள். அது பூஜ்யம் இல்ல, ரொம்ப ஜாஸ்தி"ன்னாங்க.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். தொட்டி கழுவறப்போ பிளீச்சிங் பவுடர், அதாவது குளோரின், நெறைய போடுவோம். டிபிடிங்கற அந்த டெஸ்ட் மாத்திரையப் போட்டா, குளோரின் இருக்கற தண்ணி ரோஸ் கலராகும். குளோரின் அளவு மீறிப் போச்சுன்னா அந்த ரோஸையே அது வெளுத்துடும். போட்டதும் லேசா ஒரு ரோஸ் மின்னும், கண் சிமிட்டறதுக்குள்ள நிறமே இல்லாத வெறும் தண்ணி மாதிரி ஆயிடும், மீட்டரும் பூஜ்யம்னு காட்டும். சாம்பிள டைல்யூட் பண்ணி மறுபடி பாத்தாதான் நெசம் தெரியும். கிராஃப மட்டும் நம்பியிருந்தா அந்தத் தொட்டியில இன்னும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கொட்டச் சொல்லியிருப்பாங்க.

அவர் நல்ல மனுஷன், கோவிச்சுக்கல. தொட்டி கழுவின தேதிய தனி டேபிளா அடிக்கச் சொல்லி, ரெண்டையும் சேத்துக் காட்டினார். ஜாயின்னா என்னன்னு எனக்கு அன்னிக்குத்தான் மண்டையில ஏறுச்சு. அதனால நீங்களும் உங்க ஊழியர்களோட ரெஜிஸ்டர்லேர்ந்தே ஆரம்பிங்க, தேதி எப்படி எழுதறது, காலிக்கும் பூஜ்யத்துக்கும் என்ன வித்தியாசம், இதுக்கே ஒரு முழு நாள் குடுங்க.

"இதெல்லாம் எக்ஸெல் வேலை, டேட்டா சயின்ஸ் இல்ல"ன்னு கமெண்ட்ல வருவீங்கன்னு தெரியும். அந்த எக்ஸெல் வேலையில கோட்டை விட்டா என்ன ஆகும்னு பாருங்க: 2020ல இங்கிலாந்துல பழைய எக்ஸெல் ஃபைல்ல 65,536 வரிசைக்கு மேல நிக்காதுங்கறத கவனிக்காம 15,841 கோவிட் கேஸ் கணக்குல வராமப் போச்சு. பைத்தான் மாதிரி கோட் அடிக்கற மொழி வேண்டாம்னு நான் சொல்லல, நானே கத்துக்கிட்டுத்தான் இருக்கேன். மொதல்ல ரெஜிஸ்டர், அப்பறம் கோட், அந்த வரிசை மட்டும் மாறக்கூடாது.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா வயித்தெரிச்சல். பயிற்சி முடிஞ்சு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆர் இன்ஸ்டால் பண்ண பர்மிஷன் கேட்டு லெட்டர் குடுத்து நாலு மாசமாச்சு, பதிலே இல்ல. பயிற்சி அறிக்கையில அந்தக் குளோரின் விஷயம் ரெண்டு பக்கத்துக்கு வந்திருக்கு, அக்கா பேரு ஒரு எடத்துலயும் இல்ல. அவங்க இப்போ ரெஜிஸ்டர்ல ஒவ்வொரு பக்கத்துலயும் ஸ்கேல் வெச்சு கோடு போட்டு, "தொட்டி கழுவிய தேதி"ன்னு ஒரு தனிக் கட்டம் கையாலயே எழுதிட்டு இருக்காங்க.