அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கருப்பை இறக்கம் ஏன் திரும்புகிறது?

பலரும் தையலைத்தான் குறை சொல்வார்கள். சிக்கல் பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கும் தசையில் இருக்கிறது. பிரசவத்தின்போது, குறிப்பாக ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்திருந்தால், கருப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோயிருக்கலாம். வழக்கமான அறுவை சிகிச்சை அதை மீண்டும் ஒட்டவைப்பதில்லை. தளர்ந்த திசுவை இழுத்துத் தைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தசைக்கு நடுவே யோனி செல்லும் வாசல் அகலமாகவே இருப்பதால் வயிற்றின் அழுத்தம் மறுபடி அதன் வழியே இறங்குகிறது.

இறக்கம் 3 அல்லது 4ஆம் நிலைக்கு, அதாவது யோனிக்கு வெளியே வரும் அளவுக்கு, முற்றியிருந்தாலும், தாய்க்கோ சகோதரிக்கோ இதே பிரச்சினை இருந்தாலும் அபாயம் கூடும். கருப்பையை அகற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பதும் தவறு: யோனியின் மேல்முனையை உறுதியாகக் கட்டி நிறுத்தாவிட்டால் அதுவும் இறங்கலாம். நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் பருமன் ஆகியவையும் சுமை ஏற்றும். இவை ஓரளவு மாற்றக்கூடியவை.