பிள்ளைகள் சண்டையில்லாமல் வீட்டுப்பாடம் எழுத பெற்றோர் என்ன செய்யலாம்?

எங்கள் வீட்டில் மகள் ஏழாவது, மகன் மூன்றாவது. இரண்டு பேருக்கும் பொதுவாக நான் பிடிவாதமாக வைத்திருப்பது ஒன்றுதான்: நோட்டில் நான் கை வைக்க மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். 52-இல் 27-ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாவது படிக்கும் பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்துவிடுவார்கள். அந்த 35-ஐப் பார்த்த உடனே பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று மிஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். நாம் ரப்பரால் அழித்து 25 என்று எழுத வைத்து அனுப்பினால்? மிஸ் டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார், பிள்ளைக்குப் புரியாதது அப்படியே நிற்கும். அதனால் தப்பு தப்பாகவே போகட்டும். சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் "மிஸ் இதை எப்படிப் போட்டுக் காட்டினாங்க?" என்று கேட்டு அவர்கள் வழியிலேயே போங்கள், நாம் படித்த காலத்து முறையை நடுவில் கொண்டுவந்தால் இரண்டும் சேர்ந்து குழப்பும்.

இங்கிலீஷ் மீடியம் பாடம் நமக்கே புரியவில்லையே என்று பல அம்மாக்கள் கவலைப்படுகிறார்கள். புரிய வேண்டியதில்லை. படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் திரும்பப் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் நேரம். பள்ளி விட்டு வந்ததும் உட்கார வைக்காதீர்கள், தின்ன ஏதாவது கொடுத்து விளையாட விடுங்கள். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் நோட்டு, ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் டிவி கிடையாது, போனும் கிடையாது. அத்தைக்கு அந்த நேரத்து சீரியல் என்றால் உயிர், அதை மறுநாள் பகலில் மறு ஒளிபரப்பில் பார்க்கலாம் என்று என் கணவர் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார், இப்போது அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார். பெரியவர்கள் ஒருவர் பக்கத்தில் சும்மா தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே சின்னப் பிள்ளைகள் எழுந்து ஓடுவது பாதி குறைந்துவிடும். மேசை நாற்காலி எல்லாம் தேவையில்லை, தரையில் பரீட்சை அட்டை போதும். பென்சில், ரப்பர், ஸ்கேல் ஒரே டப்பாவில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் தினமும் இரவு ஒன்பது மணி வரை எழுதுகிறது என்றால் கொடுக்கிற அளவே தப்பாக இருக்கலாம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கையும் அதையே சொல்லி, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரம்தான் என்கிறது. யூகேஜி பிள்ளைக்குப் பக்கம் பக்கமாக எழுதக் கொடுத்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள், டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், பதில் வராவிட்டால் நேரில் போய்க் கேளுங்கள்.

நாலாவதுக்கு மேல் போய்விட்டால் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்னைக்கு என்ன ஹோம் ஒர்க்?" என்று நீங்கள் கேட்பதை விட்டுவிடுங்கள். டைரியில் குறித்து வருவது பிள்ளையின் வேலை. மறந்து வந்தால் மறுநாள் அதுவே மிஸ்ஸிடம் போய்ச் சொல்லட்டும். அடிக்கிற பள்ளியாக இருந்தால் மட்டும் அதற்கு முன்னால் நீங்கள் போய்ப் பேசுங்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது, அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.