மூக்கில் நிற்காத கூலிங் கிளாஸ்: வாசகர் கேள்வி பதில்

நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: வேலைக்காகத் தினமும் மன்னார்குடி வரை ஸ்கூட்டியில் போய் வருகிறேன். மெல்லிய ஸ்டீல் ஃபிரேம் போட்ட கூலிங் கிளாஸ். கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே மூக்கில் வழுக்கி இறங்கிவிடுகிறது. இறுக்கமாக நிற்கட்டும் என்று இரண்டு காது கம்பிகளையும் உள்பக்கமாக வளைத்துவிட்டேன். இப்போது காதுக்குப் பின்னால் வலிக்கிறது, வழுக்குவதும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தக் கம்பிகளைப் பழையபடி கொஞ்சம் வெளியே தள்ளுங்கள். கண்ணாடி வழுக்கினால் எல்லோருக்கும் கை காதுப்பக்கம்தான் போகிறது, ஆனால் கோளாறு அநேகமாக முன்பக்கத்தில் இருக்கும். நம் தலை நெற்றிப்பொட்டில் குறுகி, காதை நோக்கிப் போகப் போக அகலமாகிறது. கம்பி காதைத் தொடுவதற்கு முன்பே பக்கவாட்டில் தலையை அழுத்தினால் தலையே கண்ணாடியை முன்னால் தள்ளிவிடும். நீங்கள் உள்ளே வளைக்க வளைக்க இன்னும் வேகமாகத் தள்ளும். கம்பி நெற்றிப்பொட்டில் பட்டும் படாமலும் போய்க் காதின் மேல் உட்கார வேண்டும். வண்டி ஓட்டுபவர் என்பதால் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு பாருங்கள், உள்ளே இருக்கும் மெத்தை கம்பியை அழுத்தினாலும் இதே கதைதான்.

அப்புறம் மூக்கு. அரை மணி நேரம் போட்டிருந்துவிட்டுக் கழற்றி, மூக்கின் இரண்டு பக்கமும் விழுந்த தடத்தைப் பாருங்கள். நோஸ் பேட் முழுதும் படிந்திருந்தால் தடம் நீள்வட்டமாக, லேசான சிவப்பில் இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போகும். ஓரம் மட்டும் குத்தியிருந்தால் பிறை மாதிரி ஒரு கோடு ஆழமாக விழுந்திருக்கும். கண்ணாடியின் மொத்த எடையும் அந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது என்று அர்த்தம், அதனால்தான் வலியும் வழுக்கலும் சேர்ந்தே வருகின்றன. பேடைத் தாங்கும் மெல்லிய கம்பியைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி, பேட் மூக்கின் சரிவோடு படியும்படி திருப்புங்கள். இரண்டு பேடையும் நெருக்கினால் ஃபிரேம் மேலே ஏறும், அகட்டினால் கீழே இறங்கும். ஒரே நாளில் பத்து தடவை முன்னும் பின்னும் வளைக்காதீர்கள், பற்றவைத்த இடத்தில் முறிந்துவிடும். பேட் மஞ்சளாகிக் கெட்டியாகி இருந்தால் வளைத்துப் பயனில்லை. கண்ணாடிக் கடையில் சிலிக்கான் பேட் கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள், வியர்வையிலும் ஓரளவு பிடித்து நிற்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் காதுக்கு வர வேண்டும். கம்பியின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் உறை காதின் உச்சியைத் தாண்டியதும் வளைந்து இறங்க வேண்டும். காது உச்சிக்கு முன்னாலேயே வளைந்தால் காதின் அடியில் அறுக்கும், ரொம்பத் தள்ளி வளைந்தால் பிடிப்பே இருக்காது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, முனையை மட்டும் அரை நிமிடம் நனைத்துவிட்டு, கட்டைவிரல் மேல் வைத்து வளையுங்கள். லென்ஸ் வெந்நீரில் படக் கூடாது, அதன் மேல் பூச்சு வெடித்துப் போகும். அடுப்பு, மெழுகுவத்தி பக்கமெல்லாம் கொண்டு போகவே வேண்டாம்.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்: போட்டால் வலது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என் காதில்தான் ஏதும் குறையா?

குறையே இல்லை. இரண்டு காதும் ஒரே மட்டத்தில் உள்ளவர்கள் குறைவு. கம்பிகளை விரித்து, கண்ணாடியைத் தலைகீழாகச் சமமான மேசையில் வையுங்கள். ஒரு கம்பி மேசையைத் தொடாமல் ஆடினால் கோணல் ஃபிரேமில் இருக்கிறது. ஆடாமல் நின்று, முகத்தில் மட்டும் கோணலாகத் தெரிந்தால் அது உங்கள் காதின் உயரம், அதற்கேற்ப ஃபிரேமைத்தான் வளைத்துக்கொள்ள வேண்டும். எப்படி இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: எந்தப் பக்கம் தூக்கி நிற்கிறதோ அந்தப் பக்கக் கம்பியைக் கீலுக்குப் பக்கத்தில் லேசாக மேலே வளைக்க வேண்டும். கேட்க முரணாகத் தோன்றும், ஆனால் கம்பி காதின் மேல் நிற்பதால் அதை மேலே வளைத்தால் முன்பக்கம் கீழே வரும். ஒரு லென்ஸ் மட்டும் முகத்துக்குக் கிட்டத்தில் இருந்தால் அந்தப் பக்கக் கம்பியை உள்ளே, தள்ளி இருந்தால் வெளியே. வளைக்கும்போது லென்ஸைப் பிடித்து முறுக்காதீர்கள், கீலை ஒட்டிய உலோகத்தை மட்டும் பிடியுங்கள். கீலில் ஸ்பிரிங் இருந்தாலோ, ஃபிரேம் அலுமினியம் என்றாலோ நீங்கள் கையே வைக்க வேண்டாம், கடைக்குக் கொண்டுபோங்கள். எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் ‘மெமரி’ ஃபிரேமில் வளைத்துச் சரிசெய்வது நடக்காது, பேடையும் காது முனையையும் மட்டும்தான் மாற்ற முடியும்.

கும்பகோணத்திலிருந்து: நோஸ் பேடைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படிகிறது. மூக்கும் அரிக்கிறது.

பச்சை, களிம்பு. ஃபிரேமில் செம்பு கலந்திருக்கிறது, வியர்வை பட்டுப் பட்டு, உங்கள் ஊர்ப் பித்தளை விளக்கில் ஏறுவதே இதிலும் ஏறுகிறது. சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு பேடை மாற்றுங்கள். அரிப்பு வேறு விஷயமாக இருக்கலாம்: உலோகம் நேராகத் தோலில் படும் இடத்தில் சிவந்து தடித்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு உண்டு. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த ஃபிரேமை டைட்டானியத்தில் வாங்குங்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு விவசாயி: நடவு நேரத்தில் வயல் தண்ணீரில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்றுதான் கூலிங் கிளாஸ் வாங்கினேன். இமை முடி லென்ஸில் உரசி உரசி ஒரே எண்ணெய்க் கறை. குனிந்தால் வேர்வையில் ஆவி படிகிறது.

லென்ஸ் முகத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. இரண்டு பேடையும் கொஞ்சம் நெருக்கி, தாங்கும் கம்பியை உங்கள் பக்கமாக இழுத்துவிட்டால் லென்ஸ் தள்ளிப் போகும், காற்றும் உள்ளே புகும், உரசலும் ஆவியும் சேர்ந்தே குறையும். சிரிக்கும்போது ஃபிரேமின் அடி கன்னத்தில் இடித்தால் சாய்வு அதிகம், கடையில் சொல்லிக் குறைத்துக்கொள்ளுங்கள். வயல் தண்ணீரின் கூச்சத்துக்கு வெறும் கறுப்பு லென்ஸைவிட போலரைஸ்டு லென்ஸ் நன்றாக வேலை செய்யும், தண்ணீர்ப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை அது தனியாகத் தடுக்கிறது. புறஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸ் என்பதற்கு அடையாளமாக யூவி 400 என்று போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து, புறஊதாக் கதிர் கூடுதலாகத்தான் உள்ளே போகும்.