கனம் குறையும் கணம்: ரேசிங் வீல் கேள்வி பதில்

பெங்களூரில் கன்சோலில் ரேசிங் விளையாடும் நம் ஆட்கள், ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல் (கார் படும் இழுப்பை மோட்டார் மூலம் கைக்குத் தரும் ஸ்டீயரிங்) பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அல்சூரிலிருந்து: என்னிடம் பிஎஸ்5 இருக்கிறது அண்ணா. பழைய லாஜிடெக் ஜி920 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும்தான். உங்களுக்கு வேண்டியது ஜி29. உள்ளே இருக்கும் மோட்டாரும் கியரும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும், கன்சோல் தனக்கென்று செய்த வீலை மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும். லாஜிடெக்கின் இன்னொரு வீலான ஜி923, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று, எக்ஸ்பாக்ஸுக்கு ஒன்று என்று இரண்டு வகையாக வருகிறது, எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள். பழையது என்றால் அடாப்டர், பெடல் எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இயக்கியதும் வீல் தானாக இரண்டு பக்கமும் கடைசி வரை சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். கோணலாக நின்றால் விட்டுவிடுங்கள்.

மாரத்தஹள்ளியிலிருந்து: கிரான் டூரிஸ்மோ 7 கேம், ஜி29 வீல். டார்க் (வீலின் திருப்பு விசை) செட்டிங்கை உச்சமான பத்தில் வைத்திருக்கிறேன். கை வலிக்கிறது, ஆனால் கார் சறுக்கப்போவது முன்கூட்டியே தெரியவே இல்லை.

பத்தில் வைத்திருப்பதால்தான் தெரியவில்லை. வளைவில் திருப்பும்போது முன் டயர்கள் வீலை நேராக்கப் பார்க்கும். கையில் தெரியும் கனம் அதுதான். திருப்பத் திருப்ப அந்த இழுப்பு கூடிக்கொண்டே போகும். ஆனால் டயரின் பிடி எல்லையை நெருங்கும்போது, முழுதாக வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்பே, கனம் குறைய ஆரம்பிக்கும். டயர் தரையில் பதிந்திருக்கும் இடத்தின் பின்பகுதி முதலில் வழுக்கத் தொடங்குவதுதான் காரணம். வீல் லேசாகும் அந்தக் கணத்துக்காகத்தான் நாம் இவ்வளவு செலவு செய்கிறோம். அப்போது மேலும் திருப்பாதீர்கள். கொஞ்சம் நேராக்கி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள்.

ஜி29 மோட்டாரின் பலம் சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். கேம் அதற்கு மேல் கேட்டால் மோட்டார் உச்சத்தில் முட்டி நின்றுவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். அப்போது சாதாரண வளைவும் கடுமையான வளைவும் கையில் ஒரே கனமாக இருக்கும். கனம் குறையும் கணம் அதில் தொலைந்துபோகும். ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கியை முழுதாகத் திருகி வைத்தால் பாட்டின் வரி புரியாதே, அதே கதைதான்.

டார்க்கை ஐந்துக்கு இறக்குங்கள். மாஸ்டா ரோட்ஸ்டர் மாதிரி பலம் குறைந்த காரை எடுத்துக்கொண்டு, ட்சுகுபா டிராக்கின் கடைசி நீள வளைவில் வேண்டுமென்றே அதிகமாகத் திருப்பிப் பாருங்கள். கனம் விழுவது தெரியும். அப்புறம் ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். அது மறையத் தொடங்கும் எண்ணுக்கு முந்தையதுதான் உங்கள் செட்டிங்.

ராமமூர்த்தி நகரிலிருந்து: வீல் வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. கன்ட்ரோலரில் ஓட்டியதைவிட மெதுவாகத்தான் போகிறேன். காசு வீணா?

இல்லவே இல்லை. கன்ட்ரோலரில் குச்சியை ஒரேயடியாகத் தள்ளினாலும் கேம் அதை மென்மையாக்கிக் கொடுக்கும். வீலில் அந்த உதவி போய்விடுகிறது. ஒரு மாதம் ஒரே கார், ஒரே டிராக் என்று ஓட்டுங்கள். கார் மாற்றிக்கொண்டே இருந்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

தோம்லூரிலிருந்து: ஜி29 பிரேக் பெடல் பாதியில் கல் மாதிரி இருக்கிறது. சில நேரம் தானாகவே பிரேக் பிடிக்கிறது.

கல் மாதிரி இருப்பது பழுது அல்ல. உள்ளே ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது, அதை அழுத்தித்தான் மீதி பிரேக். தானாகப் பிடிப்பதற்குப் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீட்டரில் (பெடல் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும் பாகம்) சேர்ந்த தூசிதான் காரணம். எஸ்.பி. ரோட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். இணைப்பைக் கழற்றிவிட்டு அடித்து, நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பின்னாளில் பணம் சேர்ந்தால் புது வீல் வாங்குவதற்கு முன் லோட் செல் பிரேக்கை யோசியுங்கள். பெடல் எவ்வளவு தூரம் போனது என்பதை விட்டு, எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அது அளக்கும். கால் நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தைத்தான்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: கீழ்வீட்டு ஆன்ட்டி சத்தம் என்கிறார்.

அவர் சொல்வது நியாயம்தான். மேசைக் காலுக்கும் பெடலுக்கும் அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். கியரில் இயங்கும் வீலின் கடகடப்பு முழுதாகப் போகாது, இரவு பத்துக்கு மேல் விளையாடாதீர்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து: 8 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் (நடுவில் கியர் இல்லாமல் மோட்டாரிலேயே நேராக மாட்டிய வீல்) வாங்கியிருக்கிறேன். எட்டு வயது மகன் தானும் ஓட்ட வேண்டும் என்கிறான்.

ஓட்டட்டும் சார், ஆனால் பலத்தைக் கால்வாசிக்குக் குறைத்துவிட்டு. கட்டைவிரலை வளையத்துக்குள் மாட்டிப் பிடிக்கக் கூடாது, விளிம்பின் மேலேயே இருக்கட்டும். சுவரில் மோதும்போது வீல் வெடுக்கென்று திரும்பும், அப்போது கையை எடுத்துவிடப் பழக்குங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதும் வீலைப் பிடித்திருக்க வேண்டாம். முதல் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.